டோனாவூர் அம்மை

பழைய திருநெல்வேலிச் சீமையின் வடகோடி கரிசல் மண். தென்கோடி மேற்கு மலையின் அடிவாரம். கரிசல் பக்கம் இருக்கிறது எங்கள் திருவேங்கடம். மலையடிவாரத்தில், களக்காட்டுக்கு அருகே இருக்கிறது டோனாவூர். 2019-இல் தென்காசி மாவட்டம் தனியே பிரிந்த பிறகு இரண்டும் வெவ்வேறு மாவட்டங்களாகிவிட்டன. ஆனால் எங்கள் ஊர்ச் சிறிய தேவாலயத்தில் டோனாவூர் என்ற பெயரைச் சிறு வயதிலிருந்தே நான் கேட்டு வந்திருக்கிறேன். அந்தப் பெயரோடு சேர்ந்தே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் பெயரும் வரும். அவர்தான் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1895-ஆம் ஆண்டு நவம்பரில் தமது 27-ஆம் வயதில் இந்திய மண்ணை மிதித்தவர், 1951-இல் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

கடவுளை நம்பினால் துன்பம் அண்டாது என்று சொல்வோர் உண்டு. கூட்டங்களில் அப்படித்தான் பிரசங்கிக்கிறார்கள். நோய் தீரும், கடன் தீரும், வழக்கு ஜெயிக்கும் என்கிறார்கள். அந்தக் கணக்கு கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்வில் ஒத்து வரவேயில்லை. அவர் கேட்டவற்றுள் பல கிடைக்கவில்லை. பயந்தவற்றுள் பல நடந்தன. அப்படியிருந்தும் அவர் நம்பினார் என்பதுதான் என்னை அவர்பால் இழுத்தது. அறிவியல் மாணவர் இதை எழுதலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். விடை ஒத்துவராத கணக்கு என்றால் அதை அறிவியல் மாணவர்தானே ஆராய வேண்டும்!

அயர்லாந்தின் வட பகுதியில், மில்லிசில் என்னும் கடலோரச் சிற்றூரில் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் அவர் பிறந்தார். குடும்பத்துக்கு மாவு ஆலை இருந்தது. ஏழு பிள்ளைகளுள் மூத்தவர் அவரே. சிறு குழந்தையாக இருந்தபோது தாயைப்போல் தனக்கும் நீல நிறக் கண்கள் வேண்டும் என்று இரவில் வேண்டிக்கொண்டு, காலையில் கண்ணாடியில் பார்த்தபோது பழுப்புக் கண்களே இருக்கக் கண்டு ஏமாந்தார் என்று ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் புடவை கட்டி நம் ஊர்களில் நடமாடியபோது அந்தப் பழுப்புக் கண்கள்தாம் அவருக்கு உதவின என்றும் சேர்த்துச் சொல்வார்கள். சொல்லும்போது அழகாகவே இருக்கிறது. ஆனால் எல்லா வேண்டுதலுக்கும் இப்படிப் பின்னால் ஒரு நல்ல விளக்கம் அவர் வாழ்வில் கிடைத்துவிடவில்லை.

1885-இல் தந்தை இறந்தார். ஏமிக்கு வயது 17. தொழிலும் முன்பே நொடித்திருந்தது. குடும்பம் அப்போது பெல்பாஸ்ட் நகரில் இருந்தது. அந்நகரின் நூற்பாலைகளில் ஏராளமான ஏழைப் பெண்கள் வேலை செய்தார்கள். தொப்பி வாங்கக் காசில்லாமல் சால்வையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு வருவார்களாம். நாகரிகமானவர்கள் கூடும் தேவாலயங்களில் அவர்கள் வந்து அமர்வதைப் பலர் விரும்பவில்லை. நம் பக்கத்தில் விடியுமுன் வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அக்காமார்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெண்களைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்கென்று 1889-இல் தகரக் கூடம் ஒன்றை எழுப்பினார் இந்த இளம்பெண். ஐந்நூறு பேர் அமரலாம். அவர் கையில் காசு கிடையாது. யாரிடமும் வசூல் கேட்பதில்லை என்ற வழக்கத்தை அங்கேதான் தொடங்கினார். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். எனக்கு அதில் ஒரு சண்டையே உண்டு.

உடம்பு அவருக்கு என்றுமே ஒத்துழைத்ததில்லை. நரம்பு வலி வந்தால் வாரக்கணக்கில் படுக்கை. 1893-இல் ஜப்பானுக்குப் போனார். பதினைந்து மாதங்களில் உடல்நலம் கெட்டுத் திரும்ப நேர்ந்தது. பெங்களூருக்கு வந்து சேர்ந்தபோதும் காய்ச்சல். அவர் தாக்குப்பிடிப்பார் என்று அன்று எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்?

1896-இன் இறுதியில் தாமஸ் வாக்கர் ஐயரின் அழைப்பில் நம் சீமைக்கு வந்தார். வாக்கர் ஐயர் தமிழில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். அவரிடம் தமிழ் கற்றுக்கொண்டு, பண்ணைவிளையில் தங்கி, பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். நகை அணியாத அந்தப் பெண்கள் குழுவைப் பார்த்து ஊரார் நட்சத்திரக் கூட்டம் என்று பெயர் வைத்தார்களாம். பிறகு டோனாவூருக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த ஊர்ப் பெயரும் ஒரு வெளிநாட்டுப் பெயரே. 1820-களில் இரேனியஸ் ஐயர் காலத்தில் ஊர் உண்டாகப் பொருளுதவி செய்த ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயர் அது.

1901-ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பண்ணைவிளைக்குத் தப்பி ஓடிவந்தாள். பிரீனா என்பது அவள் பெயர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதற்காக விடப்பட்டிருந்தவள் அவள். ஏற்கெனவே ஒருமுறை தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடிப்போயிருக்கிறாள். பிடித்துக் கொண்டுவந்து கைகளில் சூடு போட்டிருக்கிறார்கள். இம்முறை ஓர் அம்மாள் அவளைக் கண்டு கார்மைக்கேல் அம்மையாரிடம் கொண்டுவந்து விட்டார். குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தான் கண்டதையும் கேட்டதையும் தன் கைப்பொம்மையை வைத்துச் செய்து காட்டினாளாம். அதுவரை ஊர் ஊராகச் சுற்றிவந்தவரின் வாழ்க்கை அன்றோடு ஓரிடத்தில் கட்டுண்டது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எந்தச் சமயத்தையும் இழித்துரைப்பது என் எண்ணம் அன்று. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முன்னின்று போராடியவர்கள் நம் பெண்களே. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். 1947-இல் சட்டம் வந்தது. கார்மைக்கேல் அம்மையார் தொடங்கியபோது அந்தச் சட்டத்துக்கு இன்னும் நாற்பத்தாறு ஆண்டுகள் இருந்தன. அவர் எழுதிய முதல் நூல்களை ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். நம் மக்களைப் பற்றிய சில பக்கங்கள் என் மனத்தை உறுத்தின. இருளை மட்டுமே பார்த்து எழுதியதுபோல் இருந்தது. ஆனால் மிஷனரிகளுக்கும் அந்த எழுத்து பிடிக்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். இனிமையான வெற்றிச் செய்திகளை எதிர்பார்த்த தாய்நாட்டாருக்குத் தோல்விகளை அப்படியே எழுதி அனுப்பினார் என்பது அவர்கள் கோபம்.

1904-இல் முதல் கைக்குழந்தை வந்தது. தாய்ப்பால் இல்லாத சிசுக்களை வளர்ப்பது அந்நாளில் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பிற குலத்துக் குழந்தைக்குப் பால் கொடுக்க யாரும் முன்வரவில்லை. துணி அலசுவதும் மலம் துடைப்பதும் கீழான வேலை என்று படித்த பெண்கள் தயங்கினார்கள். அம்மையார் தாமே அமர்ந்து செய்தார், பொன்னம்மாளும் செய்தார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். ஆனாலும் குழந்தைகள் இறந்தன. அவர் உயிரினும் மேலாக நேசித்த இந்திரநீலா என்ற சிசு 1905 ஜனவரியில் இறந்தது. மருத்துவமனை அருகில் இருந்தால் நல்லது என்று நெய்யூரில் ஒரு குழந்தைகள் இல்லம் அமைத்து, பொன்னம்மாளை அங்கே வைத்தார். அங்கும் தொற்றுநோய் பரவிப் பத்துக் குழந்தைகள் மாண்டன.

பத்து! காப்பாற்றுவதற்காகவே கொண்டுவந்த குழந்தைகள். காப்பாற்றும்படி இரவும் பகலும் மன்றாடிய குழந்தைகள். என் நம்பிக்கை இந்த இடத்தில் உடைந்துபோயிருக்கும் என்றே நினைக்கிறேன். அம்மையாரும் அழுதார், ஏன் என்று கேட்டார். விடை கிடைத்ததாக அவர் எங்கும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் தொட்டில்களை மடக்கி வைக்கவில்லை. அடுத்த குழந்தை வந்தபோது அதற்குப் பால் காய்ச்சினார்கள். 1913-இல் அவரிடம் 130 குழந்தைகள் இருந்தார்கள்.

அச்சம் என்பது வெளியிலிருந்தும் வந்தது. அவர் அடைக்கலம் தந்த முத்தம்மாள் என்ற சிறுமியைப் பற்றி உறவினர் வழக்குத் தொடுத்தனர். 1911-இல் சிறுமியைத் திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. கொடுக்க வேண்டிய நாளுக்கு முன்பே, வேறொரு பெண்மணி அவளை ஆண்பிள்ளை வேடத்தில் வெளியேற்றிவிட்டார். அவள் எங்கே போனாள் என்பது பல மாதங்கள் அம்மையாருக்கே தெரியாது. பின்புதான் அவள் சீனாவில் பாதுகாப்பாக இருப்பது தெரிந்தது. நீதிமன்ற ஆணையை மீறுவது சரியா என்று சட்டம் படிக்கும் நண்பர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். நான் சொல்ல வந்தது வேறு. சிறைக்குப் போக நேரலாம் என்ற பயத்தோடு அவர் பல நாள் தூங்கி எழுந்தார். தாம் போய்விட்டால் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்னாவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிது. அந்த ஆண்டுகளைப் படித்தால் அவரை அச்சமே அறியாத வீராங்கனை என்று மேடையில் வருணிக்க மனம் வராது.

இனி அந்தச் சண்டைக்கு வருகிறேன். டோனாவூரில் பணிபுரிந்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கடன் வாங்குவதில்லை. எவரிடமும், கடிதத்திலும் கூட, பணம் தாருங்கள் என்று கேட்பதில்லை. தேவையைக் கடவுளிடம் மட்டும் சொல்வது. வருவதைக் கொண்டு நடத்துவது. இது அவர் வகுத்த விதி. இதைப் படித்தபோது எனக்கு முதலில் எரிச்சலே வந்தது. மாதக் கடைசியில் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்காத குடும்பம் எங்கள் தெருவில் இல்லை. என் முதலாம் ஆண்டுக் கட்டணம் நான்கு வீடுகளில் கேட்டு வாங்கிய பணம். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். கேளாதிருந்தால் வந்திருக்க முடியாது. கேட்காமல் இருப்பது, படிக்க ஆயிரம் பேர் உள்ள நூல்களை எழுதத் தெரிந்தவர்களுக்கு எளிது. அந்நூல்களே ஒருவகையில் கேட்டுவிடுகின்றன அல்லவா?

இப்படித்தான் பல நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இன்றும் அந்த எண்ணம் முழுவதும் போய்விடவில்லை. ஆனால் முதல் உலகப் போர்க் காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 1914 முதல் 1918 வரை கடலில் கப்பல்கள் மூழ்கின. கடிதப் போக்குவரத்தே நிச்சயமில்லை. அரிசி விலை ஏறிற்று. பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஏறிற்று. அந்த நேரத்தில் யாருக்கேனும் ஒரு வரி எழுதியிருந்தால் உதவி வந்திருக்கும். எழுதவில்லை. மாறாக 1918 ஜனவரியில் ஆண் குழந்தைகளையும் ஏற்கத் தொடங்கினார்! கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் எவரும் செய்யத் துணியாத காரியம் இது. எங்கள் தெருவின் கைமாற்றிலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. திருப்பித் தருவார்கள் என்ற நம்பிக்கை. அதை அம்மையாரின் நம்பிக்கையைவிடத் தாழ்ந்தது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் சோற்றுப் பானையை வைத்துக்கொண்டு வாயை மூடி இருப்பதற்கு வேண்டிய நெஞ்சுரம் என்னிடம் இல்லை.

அதே ஆண்டுகளில் அவரைத் தாங்கிய தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. 1912 ஆகஸ்டில் வாக்கர் ஐயர் மசூலிப்பட்டினத்துக்குப் போன இடத்தில் திடீரென இறந்தார். 1913-இல் தாயார் இறந்தார். 1915 ஆகஸ்டில் பொன்னம்மாள் புற்றுநோயால் மறைந்தார். பொன்னம்மாள் இளவயதிலேயே கணவனை இழந்த பெண். டோனாவூரின் பாதி அவருடையது என்றே சொல்லலாம். அவர் குணமாக வேண்டும் என்று அத்தனை குழந்தைகளும் மன்றாடினார்கள். குணமாகவில்லை. அம்மையார் பொன்னம்மாளின் வாழ்க்கையைத் தனி நூலாக எழுதி 1918-இல் வெளியிட்டார். வெள்ளைக்காரர்களின் வாழ்க்கையே நூலாகிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் வாழ்க்கையை நூலாக்கினார்.

நம் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றியும் அவர் எழுதினார் என்பதை நண்பர்கள் பலர் அறியார். தாமஸ் ராக்லண்டு என்பது அவர் பெயர். கேம்பிரிட்ஜில் 1841-ஆம் ஆண்டு கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். அந்தக் கல்வியை வைத்துக்கொண்டு சிவகாசியைச் சுற்றியுள்ள இந்தக் கரிசல் காட்டில் கூடாரம் போட்டு அலைந்தவர். நுரையீரல் நோயாளி. 1858 அக்டோபரில் சிவகாசியில் இரத்தம் கக்கி இறந்தார். செய்த வேலையின் பலனை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின், 1922-இல், மலையடிவாரத்தில் இருந்த ஓர் அம்மாள் அவரைத் தேடிப்பிடித்து எழுதியது ஏன் என்று யோசித்தேன். தம்மைப்போல விடை கிடைக்காத ஒருவரை அவர் அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

ஜம்புலிங்கம் கதையைச் சொல்லாமல் விட்டால் நண்பர்கள் மன்னிக்க மாட்டார்கள். நாங்குநேரிப் பக்கத்தின் பெயர்பெற்ற கொள்ளைக்காரர் அவர். ஏழைகளுக்குக் கொடுத்தவர் என்று இன்றும் பாட்டில் வாழ்கிறார். 1921-இல் காட்டுப் பாதையில் அம்மையாரை அவரே வழிமறித்துத் தம் கதையைச் சொன்னார். தம் பிள்ளைகளைக் காக்கும்படி கேட்டார். பிள்ளைகள் டோனாவூருக்கு வந்தார்கள். அவர் பிடிபட்டுச் சிறையில் இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றார். அவர் சட்டத்துக்குப் பணிந்து புதுவாழ்வு தொடங்க வேண்டும் என்பதே அம்மையாரின் வேண்டுதல். ஆனால் ஜம்புலிங்கம் சிறையிலிருந்து தப்பினார். 1923-இல் சுடப்பட்டு இறந்தார். இந்த வேண்டுதலும் கேட்டபடி நிறைவேறவில்லை.

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள். களக்காட்டில் மருந்தகத்துக்கென வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார். பொழுது சாய்ந்த நேரம். இருக்கக் கூடாத இடத்தில் புதிதாகத் தோண்டிவிட்டிருந்த குழி ஒன்றில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகும் அடிபட்டது. எவரெஸ்ட் சிகரப் பயணங்களில் பங்கேற்ற மருத்துவர் சாமர்வெல் பணியாற்றி வந்த நெய்யூர் மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு சென்றார்கள். சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 63.

எழவில்லை. அதன் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த ஓர் அறைதான் அவர் உலகம். சில காலம் துணை பிடித்துச் சில அடி நடந்தார். 1948-இல் அறைக்குள்ளேயே மீண்டும் விழுந்து எலும்பு முறிந்தது. அதோடு நடையும் நின்றது. மூட்டு வலி, நரம்பு வலி, உறக்கமின்மை. மற்றவர்களுக்காகப் பரம சுக சாலை என்னும் மருத்துவமனையை எழுப்பியவர் சுகம் பெறவில்லை. அவர் குணமாக வேண்டும் என்று வேண்டாத நாள் டோனாவூரில் இல்லை.

அந்த அறையிலிருந்து அவர் பதின்மூன்று நூல்கள் எழுதினார். அவற்றுள் 1933-இல் வெளியான ஒன்று முழுக்க நோயாளிகளுக்கானது. அதை எழுதக் காரணம் சுவையானது. நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் நூல்களை எல்லாம் நல்ல உடம்போடு இருப்பவர்களே எழுதுகிறார்கள் என்று அவருக்குக் கோபம். வலியில் கிடப்பவரிடம் வந்து, பொறுமையாயிருங்கள், எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிவிட்டுப் போகும் பார்வையாளர்களைப் பற்றி அவர் மென்மையாக, ஆனால் உறைக்கும்படி எழுதியிருக்கிறார். வலி நல்லது என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. வலி வலிதான். வலியை எடுத்துவிடும்படி கேட்பதில் தவறில்லை. எடுக்கப்படாவிட்டால் அன்பு செய்யப்படவில்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதே அவர் பிடித்துக்கொண்ட கயிறு. இரவில் பயம் வரும் என்பதை மறைக்கவில்லை. தாம் பிறருக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற பயத்தையும் மறைக்கவில்லை. வீட்டில் ஆண்டுக்கணக்கில் படுத்திருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

பிள்ளைகள் வருவார்கள். பிறந்தநாள் என்றால் கட்டாயம் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டுக் காகிதத்தில் சில வரி எழுதி அனுப்புவார். வளர்ந்து பணியில் இருப்பவர்கள் சிக்கல்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஓடியாடிய நாளில் கிடைக்காத அம்மை இப்போது எப்போது போனாலும் அறையில் இருந்தார்.

1951-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் காலமானார். வயது 83. தமக்குக் கல்லறைக் கல் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அவர் சொல்லைத் தட்டவில்லை. கல்லுக்குப் பதில் பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டியை அமைத்து, அதில் அம்மை என்ற ஒரு சொல்லை மட்டும் பொறித்தார்கள். டோனாவூர் ஐக்கியம் இன்றும் இயங்குகிறது. பார்க்க விரும்பும் நண்பர்கள் வள்ளியூரில் இறங்கி, ஏர்வாடி வழியாகச் செல்லலாம்.